பெருநாளுக்கு முன் ஒரு பெல்ட் சாண்டர்

மே 18, ஞாயிறு

ஆடு வந்துவிட்டது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் காது, பல் போட்ட கிடா. என் வீட்டுக்காரரின் அண்ணன், பெரிய மச்சான், சந்தையில் பிடித்து ஆட்டோவில் ஏற்றி வந்து எங்கள் பின்கட்டில் முருங்கை மரத்தில் கட்டினார். கட்டிவிட்டுத் தம்பியின் தோளில் தட்டினார்.

"நத்தரு, ஒம் பேருக்கு இந்த வருசம் அம்சமா அமைஞ்சுருச்சுடா."

வீட்டுக்காரர் சிரித்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். ஆடு என் சம்பளத்தில் வாங்கியது என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் தெரியும். பத்தொன்பது வருஷமும் நத்தர்சா பெயரில்தான் அறுத்தோம். என் கல்யாணத்தில் என்னைப் பெற்ற அத்தா போட்ட நகை என்னிடம் இருக்கிறது, மாதாமாதம் சம்பளம் வருகிறது. வசதியுள்ள பெண்ணுக்கும் பக்ரீத்துக்கு ஆடு அறுத்துக் கொடுக்கும் குர்பானி தனிக் கடமைதான் என்று மார்க்க வகுப்பு எடுக்கும் ஆலிமா சொன்னபோது எனக்கு நாற்பத்தாறு வயது ஆகியிருந்தது. அதுவரை யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பின்னால் நானே பின்வாங்கிவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். பக்ரீத்துக்கு இருபது நாள் இருக்கிறது. இந்த வருஷம் குர்பானி என் பெயரில். ஆடு கத்தியின் ஒரே இழுப்பில் போக வேண்டும். போன வருஷம் மாதிரி அல்ல.

போன வருஷத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மே 19, திங்கள்

எதிர் வீடுதான் பெரிய மச்சான் வீடு. அறுக்கிற கத்தி வருஷம் முழுக்க அங்கே பீரோவின் மேல், துணி சுற்றிக் கிடக்கும். போய்க் கேட்டேன்.

"என்னத்துக்குத்தா ஒனக்கு அது?"

"தீட்டி வைக்கலாம்னு மச்சான்."

"காலைல தொழுதுட்டு வந்து படிக்கட்டுல ரெண்டு தீட்டு தீட்டுனாப் போதும். எங்கத்தா அப்பிடித்தான் செஞ்சாரு, நானும் அப்பிடித்தான் செய்யறேன். நீ பள்ளிக்கூடத்துல சாக்பீஸு புடிக்கிற புள்ள. அத எல்லாம் தொடப்படாது."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். திருப்பிக் கோபப்பட்டால் நம் மேல்தான் தப்பு என்று ஆகிவிடும்.

அக்கா, அவர் மனைவி, என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

சொந்தமாகக் கத்தி வாங்கிவிட்டேன். பழைய லாரியின் வில்பட்டையில் அடித்தது, முழங்கைக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், ஒரு பல் ஒரு வெட்டு இல்லாத வாய். கொல்லர் பட்டறையில் இருந்தவர், "வீட்டுக்கு இவ்ளோ பெருசு எதுக்குங்க டீச்சர்?" என்றார். "வெங்காயம் வெட்ட" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தீப்பொறி பறந்தது, "பாத்துப் புடிங்க, வெட்டிரும்" என்று திருப்பிக் கொடுத்தார். பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து வாயைப் பார்த்தேன். ரம்பம். பெரிய பெரிய பல்லாக நின்றது. தக்காளிக்கு இது போதும். எனக்குப் போதாது.

இனி யார் கையிலும் கொடுக்கப் போவதில்லை. வீட்டிலேயே தீட்ட, உப்புத்தாள் பெல்ட் சுற்றி ஓடுகிற ஒரு மெஷின் வாங்குகிறேன்.

மே 21, புதன்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். முதலாளி கோவர்த்தனன். அவர் மகள் என்னிடம் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படித்தவள்.

"பெல்ட் சாண்டர் வேணும்" என்றேன்.

"சாருக்கு மர வேலையா டீச்சர்?"

"எனக்கு. கத்தி தீட்ட."

அவர் கடைப் பையனைப் பார்த்தார். பிறகு மேலே இருந்து ஒரு கல் சக்கர மெஷினை இறக்கி வைத்தார். "கத்திக்கு இதாங்க டீச்சர். பெல்ட்டெல்லாம் பலகைக்கு."

"கல் சக்கரம் ரவுண்டா இருக்கு. கத்தியில குழி விழும். சூடும் சட்டுனு ஏறும். பெல்ட்டுதான் வேணும்."

"நீங்க சொன்னாச் சரி. நீங்க வாத்தியாரு." கல் சக்கரத்தைத் திரும்ப மேலே வைத்தார். "சாரையும் கூட்டிட்டு வந்து ஒரு தடவ பாத்துருங்களேன். கனமா இருக்கும், நாளைக்கு அவரு, ஏன் கேக்காம வாங்குனன்னு…"

"கோவர்த்தனன், உங்க மகளுக்குத் திசைவேகம் புரியலன்னு வந்தீங்களே, அப்ப வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு நான் சொன்னனா?"

கடையில் நின்ற பெயின்டர் ஒருவர் சிரித்துவிட்டார். கோவர்த்தனனும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் சரியாகப் பேச ஆரம்பித்தார். அவரிடம் இருந்தது இரண்டு. ஒன்று மேசையில் பொருத்துகிற பெரிய மெஷின், வட்டத் தகடும் பெல்ட்டும் சேர்ந்தது. அதன் விலைக்கு இன்னொரு ஆடு வாங்கலாம். இன்னொன்று தச்சர்கள் பலகையில் ஓட்டுகிற கை மெஷின், மூன்று அங்குல பெல்ட். அது நான்காயிரத்துச் சொச்சம். வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். "இதுல ஒரே ஸ்பீடுதாங்க. சுவிட்சு போட்டாப் பறக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பின்னால் அந்தப் பெயின்டர் சொன்னது காதில் விழுந்தது. "வீட்டுக்காரரு பாவம்ண்ணே."

மே 22, வியாழன்

நாள் முழுக்க வீடியோ பார்த்தேன், படித்தேன். எல்லாரும் ஆண்கள். எல்லாரும் கடைசியில் ஒரு காகிதத்தை அறுத்துக் காட்டுகிறார்கள்.

பார்த்ததில் தெரிந்தது இது. கத்திக்கென்றே ஒரு சின்ன மெஷின் இருக்கிறது, அழகாக இருக்கிறது, விலை என் வரம்புக்கு மூன்று மடங்கு. ஆன்லைனில் மலிவாக ஒரு குட்டி மெஷின் வருகிறது. வாங்கிவிடலாம் என்று விரல் போய்விட்டது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: கூட வந்த பத்து பெல்ட்டும் தீர்ந்த பிறகு அந்த அளவு பெல்ட் ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை, மெஷின் அலமாரியில் தூங்குகிறது. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற பட்டையும் உண்டு, ஆனால் அதன் வேகத்துக்குக் கத்தி வெந்துவிடும்.

ஆக, பெல்ட் எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்கித்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று அங்குல பெல்ட் தச்சர் கடை எல்லாவற்றிலும் தொங்குகிறது. அந்தக் கை மெஷின்தான். ஆனால் வேகம் குறைக்கிற திருகு இருப்பதாக வேண்டும். அதைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் இறுக்கிக் கட்டினால் பெல்ட் மேலே பார்த்து ஓடும்.

இத்தனையும் ஒரு நாளில் புரிந்தது. படிக்கட்டில் தேய்ப்பதை விட்டுவிட்டு ஒரு நாள் உட்கார்ந்து படிக்க அந்த வீட்டு ஆண்களுக்கு மூன்று தலைமுறை போதவில்லை.

மே 24, சனி

மெஷின் வந்தது. வேகத் திருகு உள்ளது. கோவர்த்தனன்தான் மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார், அந்த மட்டுக்கும் நல்லவர். 80, 120, 240 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் பெல்ட்டுகள் அவர் கடையிலேயே கிடைத்தன.

எங்கே வைப்பது என்பதில் சண்டை. பின்கட்டில் மேடை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. ஆனால் ஆடு அங்கே நிற்கிறது. அதன் கண் முன்னால் கத்தி தீட்டக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையைக் காலி செய்தேன்.

"சத்தம் கேக்கும்ல அதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"கேக்கட்டும். அது என்ன சத்தம்னு அதுக்குத் தெரியாது. போன வருஷம் படிக்கட்டுல கத்தி தேய்க்கிறத அந்த ஆடு பாத்துக்கிட்டே நின்னுச்சே, அப்ப இத நீங்க கேட்டீங்களா?"

மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற உதவினார். அதுதான் அவர். எதையும் தூக்குவார். எதையும் சொல்ல மாட்டார்.

சமையல் கத்தியில் ஒத்திகை பார்த்தேன். கத்தியின் வாயை, பெல்ட் ஓடி வருகிற திசைக்கு எதிராக வைத்துவிட்டேன். படார் என்று ஒரு சத்தம். பெல்ட் இரண்டாகக் கிழிந்து என் தோளில் அடித்தது. துப்பட்டாவைக் கழற்றி வைத்திருந்தேன், அல்லாஹ் காப்பாற்றினான். வாய்க்கு முதுகு காட்டி ஓட வேண்டும் பெல்ட். படித்துத்தான் இருந்தேன். படித்ததைக் கை கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

நான்கு சமையல் கத்திகளும் அருவாமனையும் முடிந்தன. கோணம் மாறாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டால் கை அசையாது.

மகள் அஃப்ரின் மாடிப் படியில் உட்கார்ந்து பார்த்தாள். பதினைந்து வயது. போன பக்ரீத்திலிருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. வீட்டில் ஆளாளுக்கு அவளைக் கேலி செய்தாயிற்று. பெரியத்தா, என் பெரிய மச்சான், அவளை ஐயர் வீட்டுப் பொண்ணு என்று கூப்பிடுகிறார்.

"அம்மா, எவ்ளோ தீட்டுனாலும் அது சாகத்தான போகுது. அதுக்கு என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்கு."

"யாருக்கு? அதுக்கா, ஒனக்கா?"

பெல்ட்டை மாற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பாடத்தில் சந்தேகம் கேட்டால் எனக்குக் கோபம் வராது. இதற்கு வந்தது.

மே 26, திங்கள்

பெரிய கத்தியை இன்று எடுத்தேன். கெடுத்தேன்.

முனை அருகில் ஒரு சின்ன வளைவு. அது சரியாக வரவில்லை என்று அங்கேயே அழுத்திப் பிடித்தேன். நான்கு எண்ணுவதற்குள் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு மயில் கழுத்து நீலம். உருக்கில் நீலம் வந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். இனி எவ்வளவு கூராக்கினாலும் முதல் இழுப்பிலேயே மடங்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லித் தருகிற விஷயம். ஒவ்வொரு தடவைக்கும் தண்ணீரில் முக்க வேண்டும் என்று வாளி நிறையத் தண்ணீர் பக்கத்தில்தான் இருந்தது. முக்கவில்லை. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் பிடித்தால் கத்தி வேகும். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பாடம்.

மே 27, செவ்வாய்

நீலம் போகும்வரை வாயைப் பின்னால் தேய்த்தேன். வேகத்தைக் கடைசிவரை குறைத்து, ஒரு இழுப்பு, ஒரு முக்கு, ஒரு இழுப்பு, ஒரு முக்கு. காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் லுஹர் பாங்கு வரை. மூன்று மில்லிமீட்டர் போயிற்று. மோசமில்லை. விரல் நுனியெல்லாம் கறுப்பு.

மே 28, புதன்

பிறை தெரிந்துவிட்டது. நாளை துல்ஹஜ் மாதம் ஒன்று. பெருநாள் ஜூன் ஏழு, சனிக்கிழமை.

குர்பானி கொடுப்பவர் பிறை கண்டது முதல் அறுப்பு முடியும்வரை முடியும் நகமும் வெட்டாமல் இருப்பது நன்மை. பிறை தெரிவதற்கு முன்பே, அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். இனி பத்து நாளைக்குத் தொட மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெயரை எழுதி வைப்பது மாதிரி இருந்தது.

மே 30, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் போகிறதற்கு முன்னால் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பரை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். நகவெட்டியின் சத்தம். டிக், டிக். கால் நகம், கை நகம், இருபதும்.

சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். பத்தொன்பது வருஷம் யார் பெயரில் குர்பானி போனதோ அந்த ஆள்.

"இன்னிக்குப் பிறை என்ன?" என்றேன்.

"ரெண்டு." சொல்லிவிட்டு நிறுத்தினார். கையிலிருந்த நகவெட்டியைப் பார்த்தார். "அட, மறந்தே போச்சும்மா. ஒவ்வொரு வருசமும் மறந்துருது."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"அது சுன்னத்துதான, செஞ்சா நன்மை. கடமை இல்லியே."

"எது உங்களுக்குக் கடமைன்னு சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன்."

நகங்களை மடித்த பேப்பரோடு எழுந்து போய்விட்டார். தொழுதுவிட்டு வந்தவர், சாப்பிடும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் நகத்தில் என்ன தெரியும்? ஆனால் அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

240 பெல்ட்டில் கடைசிச் சுற்று ஓட்டிக்கொண்டிருந்தபோது இடது கட்டைவிரல் சரிந்து பெல்ட்டில் பட்டது. தோலுக்கு ஒன்றுமில்லை. நகத்தின் ஓரத்தை அரம் மாதிரி சீவிக்கொண்டு போய்விட்டது. பிறை நான்கு.

மெஷினை நிறுத்தாமலே வாளியை எட்டி உதைத்தேன். தண்ணீர் அறை முழுக்க. அந்த ஆள் இருபது நகம் வெட்டி மறந்து போகலாம். நான் ஒரு நகத்தைக் காப்பாற்ற முடியாமல் போகணுமா?

ஆலிமாவுக்குப் போன் போட்டேன்.

"நகம் தானா போனாப் பரவாயில்லம்மா. நீங்களா வெட்டலல்ல?"

"மெஷின்ல தேஞ்சுருச்சு."

"என்ன மெஷினு?"

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது கேட்டது. "டீச்சரம்மா, இது எந்தக் கிதாபுலயும் இல்ல. ஆனா நிய்யத்து, நீங்க மனசுல வச்ச எண்ணம், கெடாது. நீங்க தைரியமா இருங்க." பிறகு, "அறுக்கிறதும் நீங்கதானா?" என்றார்.

"பெண் அறுக்கலாமா?"

"தாராளமா அறுக்கலாம். தெரிஞ்சு செய்யணும், அவ்வளவுதான்."

நானே அறுப்பது என்ற அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடமும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. கரும்பலகையில் எழுதும்போது விரல் நுனியில் கறுப்பு தெரிந்தது. மசி என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன்; பெரிய மச்சானுக்குச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் எதிரில். நான் கதவோரம் நிற்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"ஏத்தா, மாடில பட்டறையே வச்சுருக்கியாமே. லைசன்சு வாங்கிட்டியா?"

"வீட்டு உபயோகந்தான் மச்சான்."

"குர்பானி ஒம் பேருலன்னு சொல்றியாம்."

"ஆமா. எம் மேல கடமை. எம் பேருலதான் குடுக்கணும்."

"சரி, ஒம் பேருல குடுப்போம். யாரு வேண்டாம்னா? ஆலிமாட்டப் போயிக் கேட்டியாம்ல, எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்." சிரித்தார். "பேரு ஒன்னோடதா இருக்கட்டும். கத்தி எங்கிட்ட இருக்கட்டும். பொம்பள கைல ஆடு துள்ளுச்சுன்னா தெருவே சிரிக்கும்."

"போன வருஷம் உங்க கைல துள்ளுச்சே, மச்சான். தெரு சிரிச்சுச்சா?"

அவர் சிரிப்பு நின்றது. பதினேழு வயதிலிருந்து அந்த மனிதர் அறுக்கிறாராம், ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லையாம். வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"நத்தரு, நீ என்னடா சொல்ற?"

"பாத்துக்கலாம்ண்ணே" என்றார் என் கணவர்.

பாத்துக்கலாம். அவர் ஒரு புத்தகம் எழுதினால் அதன் தலைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் சனிக்கிழமை கத்தியைக் கையில் எடுக்க முடியாது.

போன வருஷப் பெருநாளுக்கு முதல் நாள் அக்கா வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கத்தி போதவில்லை. அக்கா பீரோ மேலிருந்து ஆடு அறுக்கிற அந்தக் கத்தியை எடுத்து, "இதுல வெட்டு, சும்மாத்தான கெடக்கு" என்று கொடுத்தாள். வெங்காயம் நசுங்கியது. வெட்டவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கழுவி, துணியைச் சுற்றி, பழைய இடத்தில் வைத்துவிட்டேன். நாளைக்கு ஆம்பளைகள் தீட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் நான்கு இழுப்பு. நான்காவது இழுப்பின்போது ஆடு எழுப்பிய சத்தத்தை அஃப்ரின் மாடியில் இருந்து கேட்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் கொடுத்த சொம்போடு நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கத்தியின் நிலை தெரியாது. மச்சானுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு அவசியம் இருந்ததில்லை.

எனக்கு முதல் நாளே தெரியும்.

இவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

அரஃபா நோன்பு. காலையில் நோன்போடு மாடிக்குப் போய்க் கடைசியாகப் பார்த்தேன். பெயின்ட் கடையில் வாங்கிய 400 நம்பர் உப்புத்தாளை ஒரு பலகையில் ஒட்டி, அதில் பிசிறு எடுத்தேன். பிறகு தோல் கடையில் வாங்கிய ஒரு பட்டையில் இருபது தடவை இழுத்தேன். லென்ஸில் பார்த்தால் கோடு மட்டும் தெரிகிறது, பல் இல்லை. முன்கையில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. முடி போகக் கூடாதே என்று நிறுத்திக்கொண்டேன். காகிதத்தையும் அறுக்கவில்லை. பழுத்த தக்காளியின் மேல் வைத்தேன், கையால் அழுத்தவே இல்லை. கத்தியின் எடைக்கே அது இரண்டாகத் திறந்துகொண்டது.

மெஷினைத் துடைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, மூடி வைத்தேன்.

ஜூன் 7, சனி. பெருநாள்

எழுதும்போது பகல் இரண்டு மணி. கறி பங்கு வைத்தாயிற்று. மருதாணியும் இல்லை, புதுச் சேலையும் இல்லை. பழைய சுடிதாரின் கையை முழங்கைவரை மடித்துக் கட்டியிருந்தேன்.

தொழுதுவிட்டு வந்தார்கள். பெரிய மச்சான் தன் கத்தியைத் துணியோடு கக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் ஆட்டை மேற்கே பார்த்துப் படுக்க வைத்தார்கள். நான் வீட்டுக்குள்ளிருந்து என் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தேன்.

"குடுத்தா இங்கிட்டு" என்று மச்சான் கையை நீட்டினார். "அந்தக் கத்தியாலயே செய்யறேன். ஒம் பேரையும் சொல்லிர்றேன். சரிதான?"

நான் கொடுக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஆட்டின் காலருகே குனிந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிராமலே சொன்னார்:

"அண்ணே, நீங்க தலையப் புடிங்க."

பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு வாக்கியம். மண்ணைப் பார்த்துச் சொன்னார். இருக்கட்டும். கிடைத்தது அது.

மச்சான் தம்பியைப் பார்த்தார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த இரண்டு முகங்களைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து தலையைப் பிடித்தார்.

நிய்யத்தைச் சத்தமாகவே சொன்னேன், அத்தா பெயரோடு சேர்த்து, என் பெயரை. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரே இழுப்பு. கத்தி எங்கும் நிற்கவில்லை. ஆடு கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மேலே ஜன்னல் திறந்தது.

"அம்மா, முடிஞ்சுருச்சா?"

"ம்."

"ஹெட்போன் போடாமத்தான் இருந்தேன். ஒண்ணுமே கேக்கல."

ஜன்னல் மூடிக்கொண்டது. அவள் இன்றும் தயிர்ச் சோறுதான் சாப்பிட்டாள். நான் கேட்கவில்லை.

குழாயடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய மச்சான் வந்து பக்கத்தில் நின்றார். என் கத்தியையே பார்த்தார். தன் துணிப்பொட்டலத்தை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார்.

"எங்க வீட்டு ஆடு நிக்குது" என்றார். "இதக் குடுத்தீன்னா முடிச்சுட்டு ஒரு பத்து நிமிசத்துல தந்துர்றேன்."

கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு நரம்பும் சொன்னது. தன் கத்தியால் அறுக்கட்டும், நான்கு இழுப்பு இழுக்கட்டும், இன்றைக்காவது தெரு கேட்கட்டும். இருபது நாளாக நான் இதற்குத்தான் காத்திருந்தேனோ என்னவோ. வாசல் வழியே பார்த்தேன். எதிர் வீட்டு முற்றத்தில் அவர்கள் ஆடு நின்றது, பழுப்பு நிறம், சின்னது. பக்கத்தில் அக்கா தண்ணீர்ச் சொம்போடு நின்றாள், இங்கே பார்த்துக்கொண்டு.

"கத்தி தனியா வராது மச்சான்" என்றேன். "நானும் வர்றேன்."

அவர் சிரிக்கவில்லை.

கத்தியைத் துடைத்து, ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தெருவில் இறங்கினேன். தொழுதுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ யாரிடமோ என்னவென்று கேட்டார்கள். கேட்கட்டும். பெரிய மச்சான் வேகமாக எனக்கு முன்னால் போய், அவர் வீட்டு இரும்புக் கதவைத் தள்ளி, அது திரும்ப அடித்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.